இரண்டடித் தொட்டியில் ஓரடி மீன்

அண்ணா,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மீசை. உன்னுடைய கிளவுன் லோச் மீன்களில் பெரியதற்கு, வாய்க்குக் கீழே தொங்கும் மீசைகளில் இடப்பக்கத்து ஒன்று பாதிதான் இருந்தது. மற்றவற்றுக்கு முழுதாக இருக்கிறது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அது மேலும் கீழும் போனபோது நன்றாகத் தெரிந்தது. தரையில் மேய்கிற மீனுக்கு மீசைதான் விரல். தடவிப் பார்த்துத்தான் இரை எடுக்கும். மஸ்கட்டுக்குத் திரும்பும் முன் நீ ஆசை ஆசையாகக் கொட்டிவிட்டுப் போன நீலக் கல்லும், கன்னியாகுமரிக் கடற்கரைக் கடையில் வாங்கிய சிப்பிகளும் அதைத் தேய்த்திருக்கின்றன. போனில் சொன்னேன். "மீசதானட்டி, மொளச்சிரும்" என்றாய். உன் அறையில் யாரோ சிரித்தார்கள். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அம்மாதான் எழுதுவதாக இருந்தது. "மகனுக்கு அம்மா எழுதுவது" என்று தொடங்கச் சொன்னாள், நானும் தொடங்கினேன். இரண்டு வரி சொல்லியிருப்பாள், அதற்குள் சந்தையிலிருந்து கட்டுவதற்குப் பூ வந்துவிட்டது. "மீதிய நீயே எழுது மக்கா, அந்த மீனு சவத்தப் பத்தி ஒனக்குத்தான் தெரியும்" என்று நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனவே இதில் திட்டுவது அம்மா, விளக்குவது நான் என்று வைத்துக்கொள். சில இடங்களில் இரண்டும் நானாக இருக்கும். மஸ்கட்டில் உன் அறையில் இருப்பவர்களும் படிக்கட்டும். சின்னத் தொட்டி ஒன்றை வாங்கி, அடியில் ஓடுகிற மீன் நாலு விட்டால் அழகாக இருக்கும் என்று நினைக்கிற எல்லா அண்ணன்மாரும் படிக்கட்டும். தை மாதம் உன் கல்யாணம். எனக்கு மைனியாக வரப்போகிறவள் இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பு இந்த மீன் காரியம் முடிவாக வேண்டும். வந்த பிறகு ஒரு மீன் செத்தால் பழி கல்லின் மேலோ உன் மேலோ விழாது. அவள் மேல்தான் விழும்.

நீ வைகாசியில் விடுப்பில் வந்தபோது பெண் பார்த்து நிச்சயம் முடிந்த மறுநாள், நாகர்கோவிலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருக்கப்போகும் அறையில் ஒரு தொட்டி வேண்டும் என்றாய். இரண்டடி நீளம், ஓரடி அகலம். அதுவரைக்கும் சரிதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும், ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட மீனைப் பார்த்துவிட்டு, வேறு எதையும் பார்க்காமல் ஐந்து எடுக்கச் சொன்னாய். அப்போது அவை கட்டைவிரல் நீளம். கடைக்காரர் வலையைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, இது ஓரடி வளருமே, தொட்டி எம்புடு பெருசு?" என்று கேட்டார். நீ சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வளந்தா பாத்துக்கிடலாம் அண்ணாச்சி." அவர் வேறென்ன செய்வார், பிடித்துக் கொடுத்தார். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கடையில் நான் பேசி நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

அம்மா இதைக் கேட்டால் சிரிப்பாள், அழவும் செய்வாள். வளர்கிற பிள்ளைக்கு என்று இரண்டு அளவு பெரிய சட்டை எடுத்த வீட்டில் வளர்ந்தவன் நீ. உன் ஆறாம் வகுப்புச் சட்டையின் கை முழங்கையைத் தாண்டித் தொங்கியதும், எட்டாம் வகுப்பில் அது சரியாக இருந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான். செருப்பையும் அப்பா அப்படித்தான் வாங்குவார், முன்னால் துணியை அடைத்துக் கொடுப்பார். அப்படி வளர்ந்த நீ, ஓரடி வளரப்போகும் உயிருக்கு ஓரடி அகலத்தில் வீடு வாங்கியிருக்கிறாய். அது எப்படித் திரும்பும்? நீ எல்லாவற்றுக்கும் இதே பதிலைத்தான் வைத்திருக்கிறாய். அப்பா இறந்த வருடம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தபோதும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அதைப் பற்றி நான் சண்டை போட வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதைவிட வீட்டில் பூக் கட்டுவது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் மீன் அப்படிச் சொல்லாது. சொல்ல அதற்கு வாய் இல்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று, இந்த மீன் மெதுவாக வளரும். அதுதான் ஏமாற்று. ஆறு மாதத்தில் என் நடுவிரல் அளவுக்குத்தான் வந்திருக்கிறது, நீயும் வீடியோவில் பார்த்துவிட்டு, "எங்கட்டி வளந்துச்சு?" என்கிறாய். அது பத்துப் பதினைந்து வருடம் இருக்கிற மீன், அதற்கு மேலும் இருக்குமாம். ஆற்றில் நீளமாக ஓடிப் பழகிய இனம். கூட்டமாகத்தான் இருக்கும், அதனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம் என்றும் இல்லை. இப்போதே இந்த முனையிலிருந்து ஒரு வெட்டு வெட்டினால் அந்த முனைக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிறது. இடித்துத் திரும்புகிறது, மறுபடி இடிக்கிறது. பூக் கட்டிக்கொண்டு அதன் எதிரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் நான். நீ இரண்டு நிமிட வீடியோ பார்க்கிறவன். சிப்பியையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். அது தண்ணீரில் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், இந்த மீன்களுக்கு அது ஆகாது. "நம்ம ஊரு அடையாளமா கெடக்கட்டும்" என்றாய். அடையாளம் வேண்டுமென்றால் அலமாரியில் வை.

இனி ஆயுதபூசை. தோவாளையில் பிறந்த எவனும் பூவுக்குக் கணக்குப் பார்க்க மாட்டான் என்பது சரி. கிரைண்டருக்கு ஒரு மாலை, தையல் மெஷினுக்கு ஒன்று, உன் பைக்குக்கு ஒன்று. அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். நீ வீடியோவில் இருந்தாய். மீன் தொட்டியும் மெஷின்தானே, மோட்டார் ஓடுகிறதே, அதற்கும் போடு என்றாய். மிச்சமிருந்தது செவ்வரளி மாலை. ஆடுமாடுகூட வாய் வைக்காத பூ அது, விஷம், தொட்டிக்கு வேண்டாம் என்று நான் சொன்னேன். வாய்க்குள் சொன்னேனோ என்னவோ. "வெளியிலதான கெடக்கப் போவுது, தண்ணிக்குள்ளயா போடச் சொல்லுதேன்" என்றாய். அம்மாவும் போட்டாள். மாலை வெளியில்தான் கிடந்தது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உன் அனுமதி கேட்டுக்கொண்டா வீட்டுக்குள் வரும்? ஜன்னல் திறந்திருந்தது. காலையில் தண்ணீரில் ஏழெட்டு இதழ் மிதந்தது, ஒரு மீன் செத்துக் கிடந்தது. அரளியால்தான் செத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பூவுக்கு அடித்த மருந்தாகவும் இருக்கலாம். கிளவுன் மாதிரி லோச் மீன்களுக்குச் செதில் மிகப் பொடிசு, மருந்தோ விஷமோ மற்ற மீனைவிடச் சீக்கிரம் ஏறும். எதுவானாலும் அது மாலையோடு வந்தது. உன்னிடம் சொன்னபோது, வந்து இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாய்.

அதற்கப்புறம் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று நடந்தது. மைனியின் சித்தியும் அவருடைய ஆட்களும் ஆரல்வாய்மொழியிலிருந்து வேனில் வந்தார்கள். அம்மா அவர்களை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டில், பீரோ எல்லாம் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். உன் நான்கு மீன்களில் ஒன்று, சிப்பிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. கிளவுன் லோச் அப்படித்தான் படுத்து இளைப்பாறும், செத்தது போலவே இருக்கும். எனக்குத் தெரியும். சித்திக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "மாப்பிள்ள வீட்டுல, அதுவும் பிள்ள வந்து இருக்கப்போற அறையில, செத்த மீன வச்சிருக்காவ பாத்தியா" என்றார். அம்மாவுக்குக் காதில் விழுந்துவிட்டது. ஓடிப்போய்க் கண்ணாடியில் தட்டினாள். மீன் துள்ளி எழுந்து ஓடியது, சித்தி ஓரடி பின்னால் குதித்தார். எல்லாரும் சிரித்தார்கள். காப்பி குடித்தார்கள். போகும்போது சித்தி மட்டும் இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு அம்மா காப்பி டம்ளர்களைக் கழுவி வைத்தாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அம்மா இந்த வீட்டுக்கு வந்த வாரத்தில், தொழுவத்தில் இருந்த பசு செத்துப் போயிருக்கிறது. முன்பே சீக்காகக் கிடந்த பசுதான். ஆனாலும் அப்பாவின் அக்கா எல்லார் முன்னாலும், "இவ வந்தா, பசு போச்சு" என்றாளாம். அவ்வளவுதான். அதற்கப்புறம் வயலில் பூச்சி விழுந்தாலும் மழை பெய்யாவிட்டாலும் அந்தப் பசு வந்து நிற்கும். அப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையாம். ஆனால் சொன்னவர்களிடம் அப்படிச் சொல்லாதே என்றும் சொன்னதில்லையாம். அப்பாவின் அக்கா இப்போதும் இருக்கிறாள், உன் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வருவாள் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மைனி வாரத்துக்கு ஒரு முறை அம்மாவுக்குப் போன் செய்வாள். அந்த வாரம் என்னைக் கேட்டாளாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போனைக் காதில் வைத்தேன். அவள் கல்யாணப் புடவையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, "மக்கா, அந்த மீனு எம்புடு பெருசு வளரும்?" இந்த ஆறு மாதத்தில் கடைக்காரருக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். நான் சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்: "ஒங்க அண்ணன் எனக்குன்னு வாங்குனதுன்னு சொல்லுதாவ. எனக்கு மீனு வளக்கத் தெரியாது. சித்தி வேற வந்து என்னெல்லாமோ சொல்லிட்டா. நான் வந்த பொறவு ஒண்ணு செத்தா, மீனு செத்துச்சுன்னா சொல்லுவாவ? என்னயத்தான் சொல்லுவாவ." "நான் இருக்கேன் மைனி" என்று மட்டும் சொன்னேன். அதை எழுதிப் பார்த்தால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது.

இதையெல்லாம் அம்மா உன்னிடம் சொன்னாள். அதற்கு நீ செய்தது என்ன? மீன் பட்டியல் அனுப்பினாய். எண்ணிக்கை குறைந்ததுதான் பிரச்சினை என்று முடிவு செய்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்து தொட்டியை நிறைத்துவிடுவேன் என்றாய். சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. யோயோ லோச் வேண்டாம். ஆறங்குலம் வரும், ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருக்கும், அதற்கும் நான்கடித் தொட்டியாவது வேண்டும். பாம்பு மாதிரி நீண்டிருக்கிறது, மழை வருவதை முன்னால் காட்டும் என்று வீடியோ அனுப்பினாயே, அது இன்னும் நீளும், குளிர்ந்த தண்ணீரும் கேட்கும். கண்ணாடியில் பல்லி போல ஒட்டிக்கொண்டிருக்கும் மலையோடை லோச் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குப் பாய்ந்து ஓடுகிற தண்ணீர் வேண்டும், சித்திரையில் நம் காங்கிரீட் அறையில் மனுசரே வெந்துபோகிறோம். ஜீப்ரா லோச் சின்னதுதான். ஆனால் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் இருப்பது, குறைந்துகொண்டு வருகிறது என்கிறார்கள். விற்கிறவர் எங்கிருந்து பிடித்தது என்று சொல்லாதவரை எனக்கு மனசு வராது.

நம் தொட்டிக்கு ஆகக்கூடியது என்று பார்த்தால் இரண்டு மூன்றுதான். குஹ்லி லோச், பென்சில் மாதிரி மெல்லிசாக, விரல் நீளத்தில், மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை போட்டது. சண்டை போடாது. குறைந்தது ஆறு சேர்ந்து இருக்க வேண்டும், தரையில் நைசான மணல் வேண்டும், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும், மூடியில் சின்ன இடுக்குகூட இருக்கக்கூடாது, நழுவி வெளியே விழுந்துவிடும். "பகல்ல ஒளிஞ்சு கெடக்குற மீனுக்குக் காசா?" என்று கேட்டாய். நான் பதினேழு வருடமாக இந்த வீட்டில் அப்படித்தான் இருக்கிறேன், யாரும் என்னை விற்கவில்லை. பகலில் ஓடியாட வேண்டுமென்றால் சங்கிலிக் கோடு போட்ட குட்டை லோச் இருக்கிறது, இரண்டங்குலம்தான், ஆனால் அது நாகர்கோவில் கடைகளுக்கு எப்போதாவதுதான் வரும். மூன்றாவது நம் அயிரை. ஆமாம், அதுவும் லோச் இனம்தான். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே தள்ளிக்கொண்டு சமர்த்தாக மேயும். இதை அம்மாவிடம் சொன்னேன். "அயிரய நீந்த விட்டு வேடிக்க பாக்கவா? நல்ல கொழம்பு போச்சே" என்றாள். நம் வாய்க்காலில் பிடித்து விடலாம் என்று உடனே கிளம்பாதே. பூந்தோட்டத்து மருந்துத் தண்ணீர் எல்லாம் அதில்தான் கலக்கிறது. எதை வாங்கினாலும் தனியாக ஒரு பாத்திரத்தில் சில வாரம் வைத்துப் பார்த்துத்தான் விட வேண்டும்.

ஆனால் இதில் எதுவும் இப்போது வேண்டாம். இதைத்தான் நான் போனில் சொல்ல முடியாமல் இருந்தேன். கல்யாண வீட்டில் ஆள் வரும், போகும். குழந்தைகள் பிஸ்கட் போடுவார்கள், யாராவது மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜ் போடுவார்கள். புது மீன் முதல் சில வாரம் எப்படியும் தடுமாறும். அந்த நாட்களில் நம் தொட்டிக்கு ஏற்ற மீன் எது என்று கேட்டால், மீனே இல்லாததுதான். மைனி வரட்டும். வீடு அடங்கட்டும். அவளுக்கு விருப்பம் இருந்தால் அவளும் நானும் பஸ் ஏறிப் போய் அந்தக் கடைக்காரரிடம் நின்று கேட்டு வாங்குகிறோம். விருப்பம் இல்லையென்றால் தொட்டியில் செடி வளரட்டும். அவள் இந்த வீட்டுக்கு வருவது வாழ்வதற்கு, மீன் காவலுக்கு அல்ல. "நான் வரதுவர ஒண்ணும் செய்யாத, யாருக்கும் குடுக்காத" என்று நீ போன வாரம் சொன்னாய். நான் "ம்" என்றேன். அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டால் அது உன் பாடு.

போன வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் உன் கல்யாண மண்டபத்துக்குச் சமையல் விவரம் பேசப் போனோம். வரவேற்பறையில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது, ஆறடிக்குக் குறையாது. தட்டு மாதிரி வெள்ளி மீன்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. அடியில், மரக்கட்டைக்குப் பின்னால், ஒற்றையாக ஒரு கிளவுன் லோச். அண்ணா, அது அரை முழம் இருந்தது. உன் மீன்கள் என்ன ஆகப்போகின்றன என்று அன்றைக்குத்தான் அம்மா கண்ணால் பார்த்தாள். வீட்டுக்கு வந்து பிச்சிப்பூவைக் கையில் எடுத்த பிறகு நான் கேட்டேன், மண்டபத்துக்கே கொடுத்துவிடட்டுமா என்று. அண்ணன் திட்டுவானே என்றும் நானே சொன்னேன். அம்மா பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னாள்: "திட்டுனா நான் கேட்டுக்கிடுதேன். எனக்கு ஒரு பசு போதும். அவளுக்கு மீனு வேண்டாம். கொண்டு குடு."

இன்று காலையில் பிடித்தேன். வலையால் பிடிக்கவில்லை. இந்த மீனுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் இருக்கிறது, பயந்தால் அதை விறைத்துக்கொள்ளும், வலையில் மாட்டிக் கிழிந்துபோகும். டப்பாவைச் சாய்த்துப் பிடித்துக் கையால் ஒதுக்கினேன், பூக் கட்டுகிற நேரத்தில் பாதி இதிலேயே போனது. பூ வைக்காத புதுக் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, தொட்டித் தண்ணீரே நிறைத்து, வாளியில் வைத்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மீன் விலை கேட்டாள். மண்டபத்தில் மேனேஜர் மேஜைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதே. அவராகவே நிமிர்ந்து, யார் பிள்ளை, என்ன வேண்டும் என்றார். "தையில எங்க அண்ணன் கல்யாணம் இங்கதான் சார். மீன் கொண்டு வந்திருக்கேன்" என்றேன். "கல்யாணத்துக்கு இப்பமேயா? நம்ம மண்டபத்துல சைவம் மட்டும்தான் பிள்ள" என்றார். நான் கவரைத் தூக்கிக் காட்டினேன். பிறகு எனக்கே தெரியாமல் முழுதாகப் பேசினேன். தொட்டி சின்னது, இது பெரிதாக வளரும், உங்கள் மீன் ஒற்றையாக இருக்கிறது, இது கூட்டமாக இருக்கிற இனம், நோய் ஒன்றும் இல்லை, ஒன்றுக்கு மீசை மட்டும் கொஞ்சம் குறைவு. அவர் எழுந்து வந்து பார்த்தார். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

ஸ்டூலில் ஏறினேன். கவரை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூடு சமமாகும்வரை காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரை உள்ளே சேர்த்தேன். பிறகு கவரின் வாயைச் சரித்து, நான்கும் தாமாக வெளியே போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.